ஒழுகுகிற இடம்

"சிரிக்காமத் தள்ளுங்கல, இது செத்த வீடாக்கும்!" என்று பந்தல்காரர் சுடலைக்கண்ணு தன் ஆட்களை ரகசியமாக அதட்டினார். அவருடைய ரகசியம் நேமம் ஜங்ஷன் வரைக்கும் கேட்கும்.

ஆட்கள் சிரித்ததிலும் தப்பில்லை. போர்ச்சில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு இருக்கை இரண்டுதான். உயரம் ஒரு ஆளின் இடுப்புக்கு எட்டாது. ஐரோப்பாவில் எங்கோ பிறந்து, துபாயில் ஒரு பணக்காரப் பிள்ளையிடம் வளர்ந்து, பாறசாலையில் ஒரு கல்ஃப்காரர் வீட்டுப் பின்புறத்தில் கோழிகள் முட்டையிடும் இடமாக ஓய்வுபெற்று, கடைசியில் ஞானையன் கைக்கு வந்தது அது. காற்றைக் கிழித்துப் பறப்பதற்கென்று செய்த வண்டி. நேமத்தில் அது பறந்த மொத்த தூரம் வீட்டுக் கேட்டிலிருந்து சபைக்கோயில் வளைவு வரை. திரும்பி வந்தது கயிற்றில். இன்றைக்கு அத்தனை பேர் தோள் கொடுத்தும், உள்ளே படுத்திருக்கும் தன் உடைமைக்காரரைப் போலவே ஒரு அங்குலம் அசைய மறுத்தது.

ஞானையன் ஹாலில், குளிர்பெட்டிக்குள், மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுடன் படுத்திருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராகேல், டயர் தரையில் உரசுகிற சத்தம் கேட்டதும் எழுந்தாள். பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நொண்டியது. அவள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அந்த வண்டியத் தொடப்பிடாது."

எல்லாக் கைகளும் வண்டியை விட்டு விலகின. மகன் ஆன்சன் மட்டும் முன்னால் வந்தான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. நூறு பேரை ஒரே மெயிலில் நடுங்கவைப்பவன். அம்மாவிடம் அவன் குரல் தானாகவே சின்னதாகிவிடும்.

"அம்மா, பந்தல் போடணும். ஆள்க்காரு வரத் தொடங்கியாச்சு. வண்டிய ரோட்டுல எறக்கி விடுகேன்."

"பந்தல வண்டிக்க மேல போடு."

"அப்ப ஆள்க்காரு எங்க இருப்பாவ?"

"நிப்பாவ."

ஆன்சன் தன் மனைவி அஞ்சுவைத் திரும்பிப் பார்த்து, "அம்மக்கு ஷாக்காணு" என்று மலையாளத்தில் முணுமுணுத்தான்.

"ஷாக் வந்த ஆள நான் ஆயிரம் பாத்தாச்சு மக்களே. எனக்கு அதொண்ணும் இல்ல," என்றாள் ராகேல். "பெருமாளண்ணன் வரட்டு. அவரு இந்த பானெட்டத் தூக்கிப் பாக்கட்டு. அதுக்குப் பெறகு நீ இத சங்குமுகத்துக் கடல்ல கொண்டு தள்ளினாலும் நான் கேக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அந்தக் காருக்கு இருந்த ஒரே நோய் ஆயில் ஒழுகல். ஏதோ சொட்டு என்று நினைத்துவிடக்கூடாது. அது இதுவரை ஒழுக்கியதை ஒரு இடத்தில் பிடித்து வைத்திருந்தால், விழிஞ்ஞத்துக்கு வரும் கப்பல்களில் ஒன்றை அதில் மிதக்க விட்டிருக்கலாம். தெருப்பூனைகள் இந்த வீட்டுப் போர்ச்சில் கால் வைத்தால் அடுத்த வீட்டுப் போர்ச்சில்தான் நிற்கும்.

ஞானையன் டெலிபோன் ஆபீஸில் கேபிள் பழுது பார்த்து ரிட்டையரானவர். கரகரப்பு கேட்கிற இடத்தில் பழுது இருக்காது, அதற்கு முந்தின பெட்டியில்தான் இருக்கும் என்பது அவருடைய தொழில் வேதம். ஆயிலும் அதே ஜாதிதான் என்பார். மேலே எங்கோ கசிந்து, என்ஜினின் முதுகு வழியாக இறங்கி, காற்றில் பரவி, சம்பந்தமே இல்லாத மூலையில் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பழுது பார்க்கிறவன் மடையன். இப்படிச் சொல்லிக்கொண்டே முதலில் சொட்டுகிற இடத்தைத்தான் பழுது பார்த்தார். அடியிலிருந்த ஆயில் தட்டின் பேக்கிங்கை மாற்றினார், ஒழுகியது. என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிப் பின்பக்கத்து ஆயில் சீல் ஒன்றை மாற்றினார். ஒரு மழைக்காலம் முழுக்க என்ஜின் போர்ச்சில் அந்தரத்தில் தொங்கியது. கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை அந்த வருஷம் அதில்தான் கட்டினார்கள். இறக்கி மாட்டியதும் ஒழுகியது. மேல்மூடியின் ரப்பரை மாற்றினார். பழி தீர்ப்பதுபோல ஒழுகியது.

வலியசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து இதையெல்லாம் மேற்பார்வை பார்த்தவர் வன்னியபெருமாள். ஒரே ஆபீஸ், ஒரே நாளில் ரிட்டையர்மென்ட், ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத சிநேகிதம்.

"ஓய், அதுக்கு மூச்சு முட்டுது ஓய்," என்பார் பெருமாள். "மூச்சுக்குழல் அடைஞ்சு கெடக்கு. உள்ள இருக்க காத்து வெளிய போக வழியில்லேன்னா என்ன செய்யும்? ஆயிலப் பிடிச்சு கண்ட எடத்துல தள்ளும். நீரு ஒரு ஓட்டைய அடைச்சா அது இன்னொரு ஓட்டையத் தொறக்கும்."

"ஃபில்டரு உக்காந்திருக்க கட்டையில உள்ள வளையமாக்கும் ஓய் போனது," என்பார் ஞானையன். "உமக்கு மூச்சு முட்டுதுன்னா வண்டிக்கும் முட்டணுமோ?"

பெருமாள் ஒரு விஷயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்ட சரித்திரம் கிடையாது. தன் பிறந்தநாள் விஷயத்தில் பெற்ற தாய்க்கே தப்பு வந்துவிட்டது என்று சாதித்தவர் அவர். போன மாதம் சண்டை முற்றி, மூச்சுக்குழலைக் கழற்றாமல் என்னைக் கூப்பிடாதேயும் என்று கேட்டை அறைந்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவே இல்லை.

ராகேலுக்கு இந்த ஒழுகலில் அக்கறை இருந்ததில்லை. இன்றைக்கு இருந்தது. அதற்குக் காரணம் அவளே போட்ட ஒரு சட்டம்.

அவள் வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஊருக்கே சிஸ்டர். வார்டில் அவள் சட்டம் இதுதான்: நோயாளி ஒருமுறை கூப்பிட்டால் அவனுக்குப் பொழுது போகவில்லை, இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் ஏதோ வேண்டும். முதல் கூப்பாட்டுக்கெல்லாம் ஓடுகிற நர்ஸின் முழங்கால் சிரட்டை ஒருநாள் கழன்று வராந்தாவில் உருளும். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே இதைக் கற்றுக்கொடுத்தாள். சட்டம் வீட்டுக்கும் வந்தது. ஆன்சன் தொட்டிலில் கிடக்கும்போதே தவணை முறையில் அழப் பழகிக்கொண்டான். ஞானையனும் கல்யாணமான சூட்டோடு சட்டத்துக்குள் வந்துவிட்டார். "ராகேலு" என்று முதலில் சும்மா ஒன்றை விடுவார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு "ராகேலூ" என்று அடுத்ததை விடுவார். முதலாவது போஸ்ட் கார்டு, இரண்டாவது தந்தி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நேற்று முற்பகல் அவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

காலையில்தான் அவளுடைய முகப்பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டு போர்ச்சுக்குப் போயிருந்தார். என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மேலே பவுடர் தூவி ஓடவிட்டால், ஆயில் முதன்முதலில் எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளையில் கறுப்பு விழும். இன்றைக்குக் கள்ளனைப் பிடித்துவிடுவேன் என்றார். முகத்துக்கு உள்ளதை என்ஜினுக்குப் போடுவதா என்று ராகேல் சத்தம் போட்டாள். அதுக்கும் ஒரு நாள் உன்னைப்போல நிறம் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அடுக்களையில் மீன்கறிக்குத் தேங்காய் அரைத்தாள். அந்த வீட்டு மிக்ஸி ஓடினால் விமான நிலையத்துக்கே சந்தேகம் வரும். போர்ச்சில் கார் ஓடியதா, ஓடவில்லையா என்று அவளுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். மிக்ஸி நின்ற நொடியில் "ராகேலு" என்று கேட்டது. அவள் இரண்டாவதற்காகக் காதை வைத்துக்கொண்டே புளி கரைத்தாள். சட்டியை அடுப்பில் ஏற்றினாள். உப்புப் பார்த்தாள். இரண்டாவது வரவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டாள். சாவகாசமாகக் கட்டன்சாயா போட்டு அவள் எடுத்துப் போனபோது, ஞானையன் முன் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விரலை வைப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வைத்துப் பார்த்தாள்.

கள்ளனைப் பிடித்த சந்தோஷத்தில் கூப்பிட்டாரா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாரா? முதலாவது என்றால் போகாதது ஒரு சின்னக் குறை. அதோடு வாழ்ந்துவிடலாம். இரண்டாவது என்றால்?

இன்று காலையில் யாரும் இல்லாத நேரம் அவளே பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக ஏதேதோ தெரிந்தது. எக்ஸ்ரேயை வழிப்போக்கன் பார்த்தால் என்ன தெரியுமோ, அவ்வளவுதான் தெரிந்தது. அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வலியசாலையிலிருந்து வரவேண்டும்.

ராகேல் சொன்னபடியே சுடலைக்கண்ணு வண்டியை நடுவில் விட்டுப் பந்தலைக் கட்டினார். துக்கத்துக்கு வந்தவர்கள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து உள்ளே போனார்கள். தாசம்மாள் மதினி நடுவில் மாட்டிக்கொண்டு, முன்னாலிருந்து ஒருத்தி இழுக்க, பின்னாலிருந்து ஒருத்தி தள்ள, அழுகையை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கி வெளிவந்தாள். வெளிவந்ததும் அழுகையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

உச்சி வெயிலில்தான் பெருமாள் வந்தார். கையில் ஒரு மாலை. கேட்டைத் தாண்டாமல், யாரோ பிடித்து நட்டதுபோல நின்றார். ராகேல் வெளியே வந்தாள்.

"வாங்கண்ணே. ஏன் இவ்வளவு நேரம்?"

"கால் வரல்ல சிஸ்டரே. ஆட்டோவ ரெண்டு வாட்டி கரமனையிலேந்தே திருப்பச் சொல்லிட்டேன். அவன் எனக்குக் கிறுக்குன்னு நெனச்சிருப்பான்." மாலையைப் பார்த்தார். "கடைசியா ஞானையன என்ன சொல்லித் திட்டிட்டுப் போனேன் தெரியுமா? நீயும் உன் வண்டியும் ஒருமிச்சு நாசமாப் போங்கன்னு."

"அது நீங்க தெனமும் சொல்லுகதுதானே."

"அன்னைக்கு கேட்ட வேற அடிச்சிட்டுப் போனேனே."

"கேட்டுக்கு ஒண்ணும் ஆகல்ல. வாங்க."

பெருமாள் ஹால் பக்கம் தயங்கிப் பார்த்தார். "முகம் பாத்துட்டு..."

"முகம் எங்கயும் போகாது. முதல்ல இதப் பாருங்க." ராகேல் வண்டியருகே அவரை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நேத்து என்ன ஒருக்கா கூப்பிட்டாரு. ஒருக்காத்தான். நான் போகல்ல. அது என்னத்துக்குன்னு எனக்குத் தெரியணும். எனக்குக் காட்டுகதுக்கு இந்த வண்டியில என்னமாம் இருந்துதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பெருமாளுக்கும் அந்தச் சட்டம் தெரியும். போஸ்ட் கார்டு, தந்தி ஜோக்குக்கு எத்தனையோ தடவை சிரித்தவர்தான் அவர். மாலையைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினார். செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்தார்.

ராகேல் என்ஜினைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகத்தில் முடிவைப் படித்துவிடுவது அவளுக்கு ஆஸ்பத்திரியில் படிந்த பழக்கம்.

பெருமாள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துணியில் துடைத்து உள்ளே விட்டு மறுபடி உருவினார். நுனி பளபளவென்று காய்ந்திருந்தது. அவர் பார்வை கீழே இறங்கியது. டயரை ஒட்டிப் புது ஆயில் கேன்கள். மூடியில் சீல் அப்படியே இருந்தது. ஆயிலை வடித்து, கழுவி, பவுடர் தூவியதோடு வேலை நின்றிருந்தது, என்ஜின் ஓடவே இல்லை. பெருமாள் ஒன்றும் அறியாதவர்போல, செருப்புக் காலால் கேன்களை மெல்ல டயருக்குப் பின்னே தள்ளினார். பிறகு உடம்பை வளைத்து என்ஜினின் அந்தப் பக்கத்துக்கு விளக்கைக் கொண்டுபோனார். வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. அவர் கையை நீட்டி, உள்ளங்கையை அங்கே வைத்தார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பழைய பெருமாள் வந்திருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டான் சிஸ்டரே!" என்றார். "படுபாவி, கண்டுபிடிச்சுட்டான்! கோடு கிழிச்சது கணக்கா இருக்கு. ஃபில்டரு கட்டையேதான். அவன் சொன்ன எடம், அவன் சொன்ன வளையம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து காட்டலாம், அவ்வளவு தெளிவு!"

"மூச்சுக்குழல் இல்லியா?"

"மூச்சுக்குழலாம் மூச்சுக்குழல்! நான் ஒரு மண்டன் சிஸ்டரே. தோத்தேன். நாலு பேரு முன்னால சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன். நான் தோத்தேன், ஞானையன் ஜெயிச்சான்."

ராகேல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப சந்தோசத்துலதான் கூப்பிட்டிருக்காரு."

"சந்தோசமா? ஆடியிருப்பான்! என்னத் தோக்கடிச்சதுக்கு இந்த வண்டியச் சுத்தி கோலாட்டம் ஆடியிருப்பான். அந்த ஆட்டத்துலதான் நெஞ்சு... ஒரு நொடி. அவ்வளவுதான். வேதன ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டான், கேட்டியளா."

வேதனை ஒன்றும் அறிந்திருக்க மாட்டார். வார்டு வாசலில் நின்று எத்தனை மனைவிகளிடம், எத்தனை மகன்களிடம் அவள் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பாள்! எந்த இடத்தில் குரல் இறங்கும், எந்த இடத்தில் கண் விலகும் என்று அவளுக்கு மனப்பாடம்.

"அப்ப ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே," என்றாள். "அவரு கேட்ட சத்தத்த நானும் கேக்கட்டு."

ஆயில் இல்லாமல் என்ஜினை ஓடவிட்டால், இரும்பு இரும்பைக் கடித்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். அதற்கப்புறம் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் கடைதான். ஆயிலை வடித்த நாட்களில் ஞானையன் இதைச் சொல்லி பால்காரனைக்கூட வண்டிப்பக்கம் அண்டவிட்டதில்லை. ராகேலுக்கும் அது தெரியும். அவர் காலால் கேன்களைத் தள்ளியதையும் அவள் பார்த்திருந்தாள்.

"இப்பமா?"

"இப்பம்தான்."

அவர் மெல்லக் கதவைத் திறந்தார். அந்தப் பள்ளமான இருக்கைக்குள் தன் நீளமான உடம்பை மடித்து மடித்து இறக்கினார். சாவி வண்டியிலேயே இருந்தது. விரலை அதில் வைத்தார். ஒரு படி திருப்பினார். முன்னால் சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள் எரிந்தன. இந்த வண்டிக்காகச் சண்டை போட்டே வயதான மனிதர், பார்க்க முடியாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அடுத்த படிக்கு அவர் கை இறுகுவதை ராகேல் பார்த்தாள். நிஜமாகவே திருப்பத்தான் போகிறார்.

அவள் கண்ணாடி இறக்கிய ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்ண்ணே."

"இல்ல சிஸ்டரே, கேக்கணும்னு சொன்னியளே..."

"சத்தத்துல போதகரு பயந்து ஓடிருவாரு. ஜெபம் தொடங்கப் போவுது." சாவியைத் திருப்பி அணைத்து, உருவித் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க போய் முகம் பாருங்க."

பெருமாள் எழுந்து வெளியே வர நேரமாயிற்று. வந்து, மாலையை எடுத்துக்கொண்டு, அவளை ஏறிட்டுப் பார்க்காமல் நின்றார்.

"சிஸ்டரே, நான் வந்து..."

"ஆன்சனுக்கிட்டயும் சொல்லுங்க. அவனுக்க அப்பா கண்டுபிடிச்சுட்டாருன்னு," என்றாள் ராகேல். "பெரிசாச் சொல்லுங்க. உங்களுக்கு அதுக்குச் சொல்லியா தரணும்?"

அவர் தலையை ஆட்டினார். மாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து உள்ளே போனார். ஆன்சன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, இனி நகத்தலாமா?" என்று கேட்டான். ராகேல் ம் என்றாள்.

பானெட்டை மூடுவதற்காக அவள் அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். பந்தல் துணி வழியாக மஞ்சள் வெளிச்சம் என்ஜின்மேல் விழுந்தது. பெருமாள் கை வைத்த இடத்தில் அவருடைய அகலமான உள்ளங்கை பவுடரில் பதிந்திருந்தது. அது மறைக்காமல் விட்ட இடத்தில் வேறொரு கையின் நீளமான விரல்கள் தெரிந்தன. எடை முழுவதையும் தாங்கி ஊன்றிய விரல்கள். அவை கீழ்நோக்கி இழுபட்டிருந்தன.

உள்ளே பெருமாளின் குரல் உயர்ந்தது. "கோடு கிழிச்சது கணக்கா இருக்கு ஆன்சா! நான் இருந்த எடத்துலேந்தே தோத்துட்டேன்! உன் அப்பன் இப்பம் எழும்பி வந்தா எனக்கு நேமத்துல நிக்க எடம் தரமாட்டான்..." யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஆன்சனின் சிரிப்பும் அதில் கேட்டது. பாதியில் அது உடைந்தது.

அந்தச் சத்தம் ஓயும் முன், ராகேல் பானெட்டை இரண்டு கைகளாலும் இறக்கி, பூட்டு விழும்வரை மெல்ல அழுத்திப் பிடித்தாள்.